வண்டிப் பக்கம்: அகலக் கால் வைத்த கார்



ஸ்போர்ட்ஸ் காரின் பின் டயர் உரசுவதைப் பற்றி இந்த மாதம் எழுதப் போகிறேன். "எங்களிடம் ஏது ஐயா ஸ்போர்ட்ஸ் கார்? பழைய சாகாவும் கஞ்சிலும்தானே இருக்கிறது" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஸ்போர்ட்ஸ் கார் இல்லாத வீடு உண்டு. ஆனால், இருக்கிற காரை ஸ்போர்ட்ஸ் காராக ஆக்கப் பார்க்கும் பிள்ளை இல்லாத வீடு நம்மிடையே குறைவு. முதல் சம்பளம் கைக்கு வந்ததும் பெரிய ரிம். இரண்டாம் சம்பளத்தில் அகல டயர். மூன்றாம் சம்பளத்தில் காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்துவது. இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்து அவன் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலில் உறவினர் வீட்டுக் கல்யாணம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து நாங்கள் ஐந்து பேர் கிளம்பினோம். கார் என் அக்காள் மகனுடையது. பழைய புரோட்டோன் சத்ரியா. அதில் பின்னால் கதவு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். முன் இருக்கையை மடக்கி, தலையைக் குனிந்து, சேலையைச் சுருட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். வயதானவர் என்பதால் என் அம்மாவை முன்னால் உட்கார வைத்தோம். அக்காளும் என் மனைவியும் நானும் பின்னால். அந்தக் காரின் பின் இருக்கையில் மூன்று பேர் உட்கார்ந்தது அன்றுதான் முதல் முறை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கூட்டரசு நெடுஞ்சாலையில் கோத்தா டாருல் ஏசான் வளைவைத் தாண்டும் வரை ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு பாலத்து இணைப்பு ஒவ்வொன்றிலும் "சர்ர்" என்று ஒரு சத்தம். மாவு அரைக்கும் கல்லில் மணல் அகப்பட்டதைப் போல. என் மருமகன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான். ஷா ஆலாமை நெருங்கும்போது அக்காள் மூக்கைச் சுளித்தாள்.

"தம்பி, ரப்பர் கருகுற வாசம் வருதுல்ல?"

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். ரப்பர் வாசம் அவளுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. எண்ணெய் நிலையத்தில் காரை ஒதுக்கச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். இரண்டு பின் டயர்களின் வெளித் தோள்களும் அரம் கொண்டு ராவியது போல் மழுங்கியிருந்தன. மட்காட்டின் உள்மடிப்பில் சாயம் போய் இரும்பு பளபளத்தது. இடப்பக்க டயரின் பக்கச் சுவரில் கத்தியால் கோடு போட்டாற்போல ஒரு வெட்டு. உள்ளே இருக்கும் நூல் இன்னும் தெரியவில்லை. தெரிவதற்கு அதிக நேரமும் ஆகியிருக்காது.

மருமகன் தலையைச் சொறிந்தான். "நான் தனியா ஓட்டும்போது ஒண்ணும் ஆகாது மாமா. பின்னால ஆளு ஏறினாத்தான் இப்படி."

அக்காள் அவனையே பார்த்தாள். "அப்போ நாங்கதான் அதிகமாய்ட்டோமா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனைச் சுட்டது. அக்காளும் என் மனைவியும் வாடகைக் காரில் ஏறிக் கிள்ளான் போனார்கள். நாங்கள் பின்னால் மெதுவாக ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது.

வாசகர்களே, பெற்ற தாய் ஏறினால் ஓடாத காரைக் கார் என்று சொல்லலாமா? இந்தக் கேள்விதான் இந்த மாதப் பக்கத்துக்குக் காரணம்.

ஏன் உரசுகிறது?

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். நம் ஆட்களில் பலர் அப்சோபர்தான் எடையைத் தாங்குகிறது என்று நினைக்கிறார்கள். அது தவறு. ஸ்பிரிங் அமுங்கி எழும் ஆட்டத்தை அடக்குவதுதான் அப்சோபரின் வேலை. ஆகவே, ஆள் ஏறியதும் கார் இறங்கி நிற்கிறது என்றால், முரட்டு அப்சோபர் மாற்றினால் அந்த இறக்கம் போகாது. ஸ்பிரிங்கையும் உயரத்தையும்தான் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பின்னால் ஏறும் மூன்று பேரின் எடை 180 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் இருக்கை பின் சக்கரங்களுக்கு அருகிலேயே இருப்பதால் அந்த எடையில் பெரும்பங்கு அங்கேதான் இறங்கும். பக்கத்துக்கு 90 கிலோ. சக்கரத்தை 1 மில்லிமீட்டர் உயர்த்த இரண்டரைக் கிலோ தேவைப்படும் ஸ்பிரிங் என்றால், 90 கிலோவுக்கு அது 36 மில்லிமீட்டர் அமுங்கும். ஏறக்குறைய ஒன்றரை அங்குலம்! பள்ளத்தில் விழும்போது அமுங்குவது இதற்கு மேல்.

காரைச் செய்த கம்பெனி இந்த இறக்கத்தையெல்லாம் கணக்கிட்டுத்தான் டயருக்கும் மட்காட்டுக்கும் இடையே இடம் விட்டிருக்கிறது. "சும்மா காலியாகக் கிடக்கிறதே, அசிங்கமாக இருக்கிறதே" என்று பிள்ளைகள் காரைத் தாழ்த்தி நிரப்பும் அந்த இடைவெளி, உண்மையில் அம்மாவும் அத்தையும் உட்கார ஒதுக்கிய இடம்.

அகலக் கால் வைக்காதே என்பது பெரியோர் வாக்கு. அது டயருக்கும் பொருந்தும். டயர் வெளியே தள்ளிக்கொண்டு வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, டயரின் அகலம். மற்றொன்று, ரிம்மின் ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது காரில் போய் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். ரிம்மின் முதுகில் 'ஈ.டி.' என்ற எழுத்துகளோடு மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். நம் கார்களில் இந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும்.

என் மருமகன் வாங்கியபோது காரில் இருந்த டயர் 185/60ஆர்14. ரிம்மின் ஆஃப்செட் 46. அவன் ஆசைப்பட்டு மாட்டியது 205/50ஆர்15 டயர். ரிம்மின் ஆஃப்செட் 35. கணக்கைப் பாருங்கள். ஆஃப்செட் 11 குறைந்ததால் சக்கரம் 11 மில்லிமீட்டர் வெளியே வந்தது. டயர் 20 மில்லிமீட்டர் அகலமானதால் பக்கத்துக்கு 10. ஆக மொத்தம் டயரின் வெளிவிளிம்பு சுமார் 21 மில்லிமீட்டர் மட்காட்டை நோக்கி வந்துவிட்டது.

உயரத்தையும் பார்ப்போம். 185/60ஆர்14 என்றால் டயரின் அகலம் 185 மில்லிமீட்டர்; பக்கச் சுவரின் உயரம் அதில் 60 விழுக்காடு; ரிம் 14 அங்குலம். மொத்த விட்டம் சுமார் 578 மில்லிமீட்டர். புதிய டயரின் விட்டம் 586. நடு அச்சிலிருந்து டயரின் உச்சி வரை 293. வெறும் காரில் அச்சின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை டேப் வைத்து அளந்தேன். அந்த அளவுக்குக் காரைத் தாழ்த்தியிருந்தான்; 325தான் இருந்தது. ஆள் ஏறி 36 இறங்கினால் 289. டயரோ 293! அதாவது, கார் நின்றுகொண்டிருக்கும்போதே டயரின் உச்சி மட்காட்டின் விளிம்புக்கு மேலே போய்விடுகிறது. 21 மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும் டயர் உள்ளே நுழைய வழியில்லாமல் விளிம்பில் மோதுகிறது. உரசாமல் என்ன செய்யும்?

எங்கே உரசுகிறது என்று கண்டுபிடியுங்கள்

பட்டறைக்கு ஓடுவதற்கு முன் வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை செய்யலாம். பள்ளிக்கூடச் சாக்குக்கட்டி ஒன்று போதும். மட்காட்டின் உள்விளிம்பு முழுவதும் சாக்குப் பூசுங்கள். டயரின் உட்சுவரிலும் வெளிச்சுவரிலும் பூசுங்கள். வழக்கமாக ஏறும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, மேடு பள்ளமுள்ள கம்பத்துச் சாலையில் மெதுவாக ஒரு சுற்றுப் போய் வாருங்கள். சாக்கு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் நோய்.

ஆள் ஏறினால் மட்டும், பள்ளத்தில் விழுந்தால் மட்டும் வெளிப்பக்கம் உரசினால் உயரமோ ஸ்பிரிங்கோ காரணம். திருப்பத்தில் மட்டும் உரசினால், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளின் ரப்பர் புஷ் நைந்திருக்கலாம். உள்பக்கம் ஸ்பிரிங்கிலோ அப்சோபரிலோ உரசினால் டயர் அகலம் அதிகம், அல்லது ஆஃப்செட் அதிகம். ஒரு பக்கம் மட்டும் உரசினால் கவனம் வேண்டும். ஸ்பிரிங் ஒன்று உடைந்திருக்கலாம். பழைய விபத்தில் கை வளைந்திருக்கலாம்.

பழைய கொரோலா கே.ஈ.70 வைத்திருக்கும் இளைஞர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தக் காரின் பின்பக்கம் ஒரே அச்சுத்தான். அதைப் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்க ஒரு குறுக்குத் தண்டு உண்டு. தண்டின் ஒரு முனை காரின் உடம்பில். மறு முனை அச்சில். காரைத் தாழ்த்தினால் தண்டின் சாய்வு மாறி அச்சே ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். ஒரு டயர் மட்காட்டுக்கு உள்ளே, மற்றது வெளியே! இதற்கு மட்காட்டை வெட்டுவது வீண். நீளம் கூட்டிக் குறைக்கும் தண்டை மாட்டி அச்சை நடுவுக்குக் கொண்டுவந்தால் போதும்.

சரிசெய்யும் வரிசை

கிள்ளானில் எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார். பேசுவது குறைவு, அளப்பது அதிகம். மருமகனை அழைத்துக்கொண்டு போனேன். அவன் ஒரு பட்டியலோடு வந்திருந்தான். மட்காட்டை வெட்டலாம், இன்னும் முரட்டு ஸ்பிரிங் போடலாம், கேம்பரைச் சாய்க்கலாம் என்று. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"தம்பி, இந்தக் காடியில யாரெல்லாம் ஏறணும்?"

பையன் பதில் சொல்லவில்லை. நான் சொன்னேன். "சரி, அவங்களுக்கு அளவெடுப்போம்" என்றார். பக்கத்து மளிகைக் கடையில் சொல்லிப் பத்துக் கிலோ அரிசி மூட்டைகள் 18 வரவழைத்தார். பின் இருக்கையில் அடுக்கினார். 180 கிலோ! அக்காளும் என் மனைவியும் நானும் அரிசி மூட்டைகளாகப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். பிறகுதான் டேப்பை எடுத்தார்.

அவர் செய்த வரிசையை அப்படியே தருகிறேன். நீங்களும் உங்கள் பட்டறையில் இதே வரிசையில் கேளுங்கள்.

முதலில், நைந்ததை மாற்றினார். பின்கைகளில் ஒரு புஷ் கிழிந்திருந்தது. அது சரியாகாமல் வேறு எதை அளந்தாலும் அளவு பொய் சொல்லும்.

இரண்டாவது, டயரையும் ரிம்மையும் மாற்றச் சொன்னார். அடிவாங்கிய டயர்களை எப்படியும் தூக்கி எறிய வேண்டும். 195/50ஆர்15 டயர், 40 ஆஃப்செட் ரிம் என்று தீர்மானம் ஆயிற்று. அந்த டயரின் விட்டம் 576. பழைய 578-க்கு ஒத்துப் போகிறது, மீட்டர் காட்டும் வேகமும் தவறாது. ஆஃப்செட்டால் 6, அகலத்தால் 5. வெளிவிளிம்பு 11 மில்லிமீட்டர்தான் வெளியே வருகிறது. முன்பு 21. பத்து மில்லிமீட்டர் இடம் கிடைத்துவிட்டது. டயரில் 82 என்ற எடை எண் இருக்கிறதா என்றும் பார்த்தார். ஒரு டயர் 475 கிலோ வரை தாங்கும் என்பது அதன் பொருள்.

மூன்றாவது, உயரம். மருமகனின் காரில் மறை திருகி உயரம் மாற்றும் அப்சோபர் செட் இருந்தது. ஜேக்கில் தூக்கி, பூட்டு வளையத்தைத் தளர்த்தி, ஸ்பிரிங் உட்காரும் தட்டை இரு பக்கமும் ஒரே அளவு திருகினார். பிறகு காரை இறக்கி, முன்னும் பின்னும் தள்ளி, நான்கு மூலையிலும் அமுக்கி ஆட்டிவிட்டுத்தான் அளந்தார். ஜேக்கிலிருந்து இறக்கிய உடனே அளந்தால் கார் தன் நிலைக்கு வந்திருக்காது. தரையிலிருந்து அளக்கவும் கூடாது; காற்றுக் குறைந்த டயர் கணக்கைக் கெடுக்கும். அச்சின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை அளப்பதே சரி. பின்பக்கம் 20 மில்லிமீட்டர் உயர்ந்து 345-க்கு வந்தது. அரிசி மூட்டையோடு 309. டயரின் உச்சி 288. நடுவில் 21 மில்லிமீட்டர் மிச்சம். பள்ளத்தில் அமுங்கும்போது டயர் விளிம்புக்கு மேலே போனாலும், இப்போது அது உள்ளே தள்ளி நிற்பதால் இடிக்காமல் நுழைகிறது.

நான்காவது, அலைன்மெண்ட். உயரத்தைத் தொட்டால் கேம்பரும் டோவும் மாறாமல் இருக்காது. கேம்பர் என்பது சக்கரத்தின் சாய்வு. உச்சியை ஒரு டிகிரி உள்ளே சாய்த்தால் இந்த அளவு டயரில் உச்சி சுமார் 5 மில்லிமீட்டர் உள்ளே போகும். ஆகவே அது உரசலுக்கு ஓரளவு மருந்துதான். ஆனால் அளவுக்கு மிஞ்சினால் டயரின் உட்தோள் வெளியே தெரியாமலே தேயும். மருமகன் காரில் ஒரு டிகிரியும் சொச்சமும் இருந்தது. அதை அப்படியே விட்டு, டோவை மட்டும் நேராக்கினார். மைவி போன்ற கார்களில் பின்பக்கம் இரண்டு சக்கரமும் ஒரே வளைகட்டையில் இருக்கும். அங்கே கேம்பரைத் திருகி மாற்ற வழி கிடையாது; மெல்லிய தகடு வைத்துத்தான் மாற்ற வேண்டும்.

ஐந்தாவதாக, இவ்வளவுக்குப் பிறகும் உரசினால் மட்டும் மட்காட்டின் உள்மடிப்பை உருளைக் கருவியால் மேல்நோக்கி மடிக்கலாம் என்றார். சாயத்தைச் சூடாக்கிக்கொண்டு மெதுவாக மடிக்க வேண்டும். குளிர்ந்த சாயம் வெடிக்கும். நம் ஊர் மழைக்கு, வெடித்த இடத்தில் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

செய்யக் கூடாதவை

ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். வெட்டிய ஸ்பிரிங், சக்கரம் தொங்கும்போது தன் இருக்கையை விட்டு நழுவக்கூடும். கேஸ் வைத்துச் சூடாக்கித் தாழ்த்தாதீர்கள். எஃகின் பதம் போய்விடும். அப்சோபர் தண்டில் இருக்கும் தடுப்பு ரப்பரைக் கழற்றாதீர்கள். டயர் மட்காட்டில் மோதாமல் கடைசியில் நிறுத்துவது அதுதான். உள்பக்கம் உரசுகிறதென்று போல்ட்டில் வாஷர் கொடுத்துச் சக்கரத்தைத் தள்ளாதீர்கள். வாஷர்மேல் நிற்கும் ரிம் நேராக உட்காராது. நட்டும் முழு மறை ஏறாது. பக்கச் சுவர் வெட்டுப்பட்ட டயரை ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள். சாலையில் படும் பகுதியைப் போலப் பக்கச் சுவர் தடிப்பானதல்ல. அது வளைந்து வளைந்து நிமிர வேண்டிய இடம். அங்கே ஒட்டு நிற்காது.

சட்டமும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற இடம் தருவதில்லை. பெரிய மாற்றம் செய்வதற்கு முன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரித்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். விபத்து நடந்த பிறகு, "இந்த மாற்றத்தை நீங்கள் சொல்லவே இல்லையே" என்று அவர்கள் கேட்டால் நமக்குத்தான் நட்டம்.

வேகம் என்பது தாழ்வல்ல

வேகமாக ஓடும் கார் என்றாலே தரையைத் தொட வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பத்து தீகா பந்தயத் திடல் 1968-ல் திறக்கப்பட்டது. 2003-ல் இடிபடும் வரை அங்கே பந்தயம் பார்க்கப் போனவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். 1999 முதல் சிப்பாங் வந்துவிட்டது. வழவழப்பான பந்தயத் திடலில் ஒரே ஆள் உட்கார்ந்து ஓட்டும் கார் தாழ்ந்து நிற்பது சரி. அதன் கணக்கு வேறு.

ஆனால் நம் நாட்டுக் காரம்ஜிட் சிங், 2002-ல் தயாரிப்புக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றாரே, அவர் ஓட்டியதும் புரோட்டோன்தான். சரளைக் கல்லிலும் சேற்றிலும் ஓடும் ராலிக் கார் உயர்ந்துதான் நிற்கும். பள்ளத்துக்குப் பள்ளம் சக்கரம் ஏறி இறங்க இடம் வேண்டும். இடம் இருந்தால்தான் டயர் தரையை விடாமல் பிடிக்கும். புரோட்டோன் 1996-ல் லோட்டஸ் கம்பெனியைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. 1998-ல் வந்த சத்ரியா ஜி.டி.ஐ.யின் ஓட்டத்தைப் பதப்படுத்தியதில் லோட்டஸின் கையும் உண்டு. அந்த லோட்டஸ் பேர்பெற்றதே காரை முரடாக்கி அல்ல. ஸ்பிரிங்கை இளக்கமாக விட்டு, அதன் ஆட்டத்தை அப்சோபரால் அளவாக அடக்கி. நம் சாலைகளும் பந்தயத் திடலைவிட ராலிச் சாலைக்குத்தானே நெருக்கம்? காப்பாருக்கோ பந்திங்குக்கோ உட்புறத் தோட்டச் சாலையில் ஒரு முறை போய் வந்தால் தெரிந்துவிடும்!

தோட்டத்து வாசகர்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. செம்பனைக் குலைகளை அளவுக்கு மீறி ஏற்றிய லோரியின் பின் டயர் பலகையில் உரசும் சத்தத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அனுபவமுள்ள ஓட்டுநர் அந்தச் சத்தம் வந்ததும் நிறுத்தி இறங்குவார். நம் பெற்றோர் விடிவதற்கு முன் எழுந்து சீவிய பால்தான் டயராக உருண்டது. இன்றைக்கும் டயரின் பக்கச் சுவரில் இயற்கை ரப்பர் சேர்க்கிறார்கள். வளைந்து நிமிரும் இடத்துக்கு அது நன்றாக உழைக்கும். அப்படிப்பட்ட பொருளை மட்காட்டுத் தகரத்தில் வைத்து ராவுவது எந்த விதத்தில் நியாயம்?

கடைசியாக, பெண்மணிகளுக்கு. காரைப் பற்றி நமக்கென்ன தெரியும் என்று ஒதுங்காதீர்கள். ஓட்டுகிறவன் பாட்டுக் கேட்டுக்கொண்டு முன்னால் இருக்கிறான். பின் டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நீங்கள். சத்தமும் வாசமும் முதலில் உங்களிடம்தான் வரும். எங்கள் வீட்டில் நோயைக் கண்டுபிடித்தது நானும் இல்லை, பட்டறைக்காரரும் இல்லை. என் அக்காளின் மூக்கு! அவளிடம் சொன்னால் சிரிக்கிறாள்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மருமகன் தானாகவே வந்து அக்காளைப் பின்னால் ஏறச் சொன்னான். என் மனைவியும் நானும் ஏறினோம். அதே சாலை, அதே பாலங்கள். பாட்டுப் பெட்டியை அவன் திறக்கவே இல்லை. காதைப் பின்னால் வைத்தபடியே ஓட்டினான். கோத்தா டாருல் ஏசான் வளைவு போயிற்று. பத்து தீகா போயிற்று. சத்தம் எதுவும் இல்லை. கிள்ளானுக்குள் நுழைந்தபோது, "அம்மா, எதாச்சும் கேக்குதாம்மா?" என்றான்.

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அக்காள் என் மனைவியின் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. குடும்பத்தோடு காரில் ஏறுங்கள். ஒருவர் மட்டும் வெளியே நின்று, பின் டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே எத்தனை விரல் இடம் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு விரல் நுழையாவிட்டால் பட்டறைக்குப் போய் அளக்கச் சொல்லுங்கள்.